பின்சீட்டுக்குப் பின்னால் 5186

தூக்கி எறியப் போகிற தகட்டை யாராவது உட்கார்ந்து சுத்தம் செய்வார்களா? நான் செய்தேன். எனக்கு அப்படி ஒரு புத்தி. எங்கள் ஊர் காசில்மெய்னில் இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியபோதும், பிள்ளைகள் சீட்டுக்கு அடியில் என்ன விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பார்க்காமல் ஒரு நாளும் வண்டியைப் பூட்டியதில்லை. கிரேம் அதை வேவு பார்ப்பது என்பான். நான் அக்கறை என்பேன்.

கிரேம் பாஸ்கோ என் கணவன். முப்பத்தைந்து வருஷம் தண்ணீர்க் குழாய்களைப் பற்றவைத்தவன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருஷம் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டான். கிரிக்கெட் ஓடினாலும் சமையல் ஓடினாலும் ஒரே முகம். கேட்டதற்கு "ம்" என்பான், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அப்புறம் மேரிபரோ பக்கம் ஒரு ஆட்டுப்பண்ணை ஏலத்துக்குப் போனபோது, ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கொட்டகையில் இந்த மொனாரோ காரைப் பார்த்தான். எழுபதாம் வருஷத்து ஹோல்டன் கம்பெனி வண்டி, இரண்டு கதவு, வெயிலில் வெளுத்த சிவப்பு. தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கோழி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "ஜாய், இதை வாங்கலாமா?" என்றான். ஒரு வருஷத்தில் அவனாகக் கேட்ட முதல் கேள்வி அது. அந்தக் கோழியையும் சேர்த்துக் கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

அப்படித்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு ஷெட்டில் டிங்கரிங் வேலை தொடங்கியது. நல்ல தகடு என்று நம்பி விரல் வைத்த இடமெல்லாம் பொடியாக உதிர்ந்தது. பட்டி பூசி மறைக்கிற வேலை கிரேமுக்கு ஆகாது. "ஓட்டைய அடைக்கிறது பல் டாக்டர் வேலை," என்பான். அதனால் எல்லாவற்றையும் புதுத் தகடாகவே வாங்கினோம். தரை, கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டித் தகடு, பின் மட்கார்டு, டிக்கித் தரை, கதவுகளின் மேல்தோல் என்று ஒவ்வொன்றாகக் கறுப்பு பிரைமர் பூசி, அட்டையில் சுற்றி வந்து இறங்கும். அளப்பதும் துளை போடுவதும் என் வேலை. பற்றவைப்பது அவன் வேலை. திட்டுவது இருவருக்கும் பொது.

இந்த வேலையில் ஒரு கட்டாயம் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு தகடுகளை ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது. ஒன்றை எடுத்து, புதியதை வைத்து, கதவை மாட்டி, ஒரு விரலால் தள்ளினால் மூடுகிறதா என்று பார்த்து, பற்றவைத்து, அதற்குப் பிறகுதான் அடுத்ததில் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி எந்தப் பக்கம் கோணிக்கொண்டது என்றே தெரியாமல் போகும். அதனால் எங்கள் கார் ஒரு நாள்கூடக் காராக இல்லாமல் இருந்ததில்லை. ஆனால் ஆறு வருஷத்தில் கிட்டத்தட்ட எல்லாமே மாறிவிட்டது. எந்த நாளில் பாதியைத் தாண்டினோம் என்பது எனக்கே தெரியாது, அதைக் குறித்துவைக்காமல் விட்டதில் இன்னும் வருத்தம் உண்டு.

இங்கே எங்கள் கிளப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் பழைய ஹோல்டன் வைத்திருப்பவர்கள் நாற்பது பேர் சேர்ந்தது. மாதம் ஒரு கூட்டம், தொத்திறைச்சி சுடுதல், எட்டுப் பக்கத்தில் ஒரு இதழ். அந்த இதழின் கடைசிப் பக்கத்தில், உதிரிபாக விளம்பரங்களுக்கு அடியில், மாதம் தவறாமல் ஒரு விளம்பரம் வரும். "பெண்டிகோவில் 1979 மார்ச் 9 வெள்ளிக்கிழமை திருடு போனது. மஞ்சள் மொனாரோ. பாடி எண் 5186. தகவல் தெரிந்தவர்கள் சொல்லவும். தெல்மா குவிக்லி." கீழே ஒரு தொலைபேசி எண். நாற்பத்துநான்கு வருஷமாக ஒரு எழுத்து மாறவில்லை. அந்த அம்மாவை எங்களில் யாரும் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை தபாலில் பணம் வரும், அவ்வளவுதான்.

பார்க்காதவரைப் பற்றிப் பேசுவது எவ்வளவு சுலபம்! இதழை அச்சடிக்கிற ஸ்னோ, குலுக்கல் சீட்டு எடுக்கும்போதெல்லாம் முதலில் "ஐம்பத்தொண்ணு எண்பத்தாறு!" என்று கத்துவான். எல்லோரும் சிரிப்போம். யாராவது புதிதாக ஒரு துருப்பிடித்த வண்டியை வாங்கிக்கொண்டு வந்தால், "தெல்மாவோடது இல்லையே?" என்று கேட்பது வழக்கம். டிக்கியில் பணம் இருந்தது என்பான் ஒருவன். புருஷன் இருந்தான் என்பான் இன்னொருவன். நானும் சிரித்தவள்தான். பெண்களில் நான்தான் அதிகம் சிரித்திருப்பேன்.

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே நிற்கிற தடுப்புத் தகட்டை எடுக்க உட்கார்ந்தேன். பழைய தகட்டில் மிச்சமிருந்தது அதுவும், கூரையும், எஞ்சினுக்குப் பின்னால் நிற்கிற தடுப்பும்தான். தொழிற்சாலையில் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்திருப்பார்கள். அந்தப் புள்ளிகளைத் தேடிப்பிடித்து ட்ரில்லால் அறுத்தால் தகடு கையோடு வந்துவிடும். புள்ளிகள் ஓரத்தில்தான் இருக்கும். ஓரத்தைச் சுரண்டினால் போதும். ஆனால் நடுவில், சத்தம் வராமல் இருக்க ஒட்டிய தார் அட்டை காய்ந்து அப்பளமாக நின்றது. உளியை வைத்து லேசாகத் தட்டினேன், கையகலத்துக்கு ஒரு துண்டு விழுந்தது. அதில் ஒரு சுகம் இருந்தது. இன்னொரு தட்டு.

"அது குப்பைக்குப் போற தகடு," என்றான் கிரேம், புதுத் தகட்டின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே. "எதுக்கு அதுக்கு முகம் கழுவி விடுற?"

"உள்ள என்ன இருக்குன்னு பார்க்கிறேன்."

"உள்ள தகடு இருக்கு. வெளிய தகடு இருக்கு. நடுவுல நேரம் போகுது."

மூன்றாவது துண்டு விழுந்தபோது மஞ்சள் பெயின்ட் தெரிந்தது. அதில் ஆச்சரியமில்லை. சிவப்புக்கு அடியில் மஞ்சள் இருப்பது முதல் நாளே தெரியும், அந்த வருஷங்களில் எத்தனையோ மொனாரோ மஞ்சளில் வந்தன. மஞ்சளின் மேல் நீல மெழுகுப் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள். தொழிற்சாலையில் வரிசையில் நிற்பவர்கள், எந்தப் பாடிக்கு எந்தக் கதவு, எந்த சீட்டு என்று குழம்பாமல் இருக்க இப்படி எண்ணைக் கிறுக்கிவைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முதலில் தெரிந்தது 6. அட்டையை இடதுபக்கமாக உரித்தேன். 8. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்தது 1. சிரிப்பு நின்றுவிட்டது. கடைசித் துண்டை உரிக்க வேண்டிய அவசியமே இல்லை. உரித்தேன். 5.

"கிரேம், இங்க வா."

"என்ன, தங்கமா?"

"வான்னு சொல்றேன்ல."

வந்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தான், பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான். எங்கள் வண்டியின் காகிதத்தில் இருக்கிற எண் 2093. எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற தடுப்பில் குத்திய எண்ணும் அதுவே. ஏலத்தில் வாங்கிய அன்றே இரண்டையும் சரிபார்த்திருந்தோம். இருவரும் வண்டியின் முன்பக்கம் போனோம். அந்த எண்ணைச் சுற்றி மட்டும் நாங்கள் பெயின்டைத் தொடாமல் வைத்திருந்தோம். எண் இருக்கிற இடத்தில் கிரைண்டர் படக்கூடாது என்று பயம். கிரேம் பெயின்ட் கரைக்கிற மருந்தைத் தூரிகையால் தடவினான். பத்து நிமிஷம் காத்திருந்து வழித்தான்.

எண்ணைச் சுற்றி, ஒரு தபால் அட்டை அளவுக்கு, மெல்லிய கோடு தெரிந்தது. நான்கு பக்கமும் அறுத்து எடுத்துவிட்டு, வேறொரு வண்டியின் துண்டை வைத்துப் பற்றவைத்து, ஈயம் ஊற்றித் தேய்த்திருந்தார்கள். முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு அதன் முதுகைப் பார்த்தேன். சுற்றிலும் மஞ்சள். அந்தத் துண்டின் முதுகு மட்டும் பச்சை.

"நல்ல கை," என்றான் கிரேம்.

"என்னது?"

"பத்தவச்சவனைச் சொல்றேன். தகடு இழுத்துக் கோணவே இல்ல பாரு. சூடு ஏறாம, அரை அங்குலம் அரை அங்குலமா வச்சிருக்கான்."

"திருட்டுப் பயலுக்குப் பாராட்டா?"

"திருடினவன் வேற, வெல்டர் வேறயா இருக்கலாம்," என்றான். அதன் பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

அன்று மத்தியானம் கிரேம் சாக்பீஸை எடுத்துப் பழைய தகடு இருக்கிற இடத்தையெல்லாம் சுற்றிக் கோடு போட்டான். கூரை, முன்தடுப்பு, பின்தடுப்பு. நான் அளந்து பார்த்தேன். மொத்தமாகச் சேர்த்தால் எங்கள் சாப்பாட்டு மேஜையைவிடக் கொஞ்சம் பெரிது.

"இதுல அந்தம்மாவோடது எவ்வளவு இருக்கு, சொல்லு," என்றான். "தரை நாம வாங்கினது. மட்கார்டு நாம வாங்கினது. கதவுத்தோல், டிக்கி, பெட்டித்தகடு எல்லாம் நாம வாங்கினது. நாளைக்கு இந்தத் தடுப்பையும் அறுத்துட்டுப் புதுசு வச்சா இன்னும் குறையும்."

"அறுத்துட்டா அந்த எண்ணும் போயிடும்."

"அதத்தான் சொல்றேன்."

"சொல்லாம சொல்ற."

"சரி, சொல்லியே சொல்றேன். நீ சுரண்டலைன்னா அது குப்பையில போயிருக்கும். நாம யாரையும் ஏமாத்தல. காசு குடுத்து வாங்கினோம், ஆறு வருஷம் உழைச்சோம். போலீஸுக்குப் போனா வண்டிய இழுத்துட்டுப் போவாங்க. பொய் எண் வச்ச வண்டிய திரும்ப ரோட்டுக்கு விடுவாங்களா? ஷெட் காலி. அப்புறம் நான் என்ன செய்யறது?"

கடைசிக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். டிவி. அந்த ஒரே முகம். ட்ரில்லைச் சார்ஜில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனேன். உண்மையைச் சொல்கிறேன், தகட்டை அறுத்துவிடலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. முப்பது நாற்பது புள்ளிகள். ஒரு மணி நேர வேலை.

ஆனால் என் புத்தி சும்மா இருக்காதே. நாற்பத்துநான்கு வருஷம் ஒரு மனுஷி ஒரே விளம்பரத்தை ஏன் போடுகிறாள்? கார்தான் வேண்டும் என்றால் வேறொன்று வாங்கியிருக்கலாம். பணம்தான் வேண்டும் என்றால் விளம்பரத்துக்குச் செலவழித்ததையே சேர்த்துவைத்திருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தத் தகட்டை அறுத்தால் ஆயுசுக்கும் தூக்கம் வராது என்று தோன்றியது. மறுநாள் கிரேம் கடைக்குப் போன நேரம் பார்த்துத் தொலைபேசியை எடுத்தேன். கேட்டுத் தெரிந்துகொண்டு வைத்துவிடலாம் என்பதுதான் திட்டம்.

"குவிக்லி," என்றது ஒரு குரல். அந்தக் காலத்துத் தொலைபேசி ஆபரேட்டர் குரல், ஒவ்வொரு எழுத்தும் தேய்த்துத் துடைத்ததுபோல்.

"நான் ஹோல்டன் கிளப்புல இருக்கேங்க. ஜாய்லீன்னு பேரு. நம்ம இதழ்ல உங்க விளம்பரம் வருதுல்ல, அதை ஏன் இன்னும் போடறீங்கன்னு சும்மா ஒரு ஆர்வத்துல..."

அவர் என்னை முடிக்க விடவில்லை.

"எங்க இருக்கு?" என்றார்.

"என்னது?"

"என் வண்டி. எங்க இருக்கு?"

"இல்லீங்க, நான் சும்மாதான்..."

"நாப்பத்துநாலு வருஷத்துல குடிகாரன் கூப்பிட்டிருக்கான், கேலி பண்றவன் கூப்பிட்டிருக்கான். ஏன் போடறேன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. உங்ககிட்ட இருக்கு. அதான் கேக்கறீங்க. விலாசத்தச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

சொன்னேன். வேறு என்ன செய்வது? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது போதாதென்று, ரயில் நிலையத்துக்கு நானே வந்து அழைத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லிவைத்தேன். கடையிலிருந்து வந்த கிரேமிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் கத்தவில்லை. கையிலிருந்த பால் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு, "உனக்கு வாயில ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கணும்," என்று மட்டும் சொன்னான்.

தெல்மா குவிக்லி வியாழக்கிழமை பெண்டிகோ ரயிலில் வந்து இறங்கினார். எழுபத்தைந்து வயது இருக்கும். குள்ளம், நிமிர்ந்த முதுகு, தேய்ந்தாலும் பாலிஷ் போட்ட காலணி. கைப்பையைத் தவிர ஒரு பழைய பிஸ்கட் டப்பாவையும் நெஞ்சோடு பிடித்திருந்தார். காரில் ஏறியதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கண்ணுல புரை. லைசென்ஸ திருப்பி வாங்கிட்டாங்க," என்றார். "நீங்க நல்லா ஓட்டறீங்க."

ஷெட்டில் கிரேம் சட்டை மாற்றிக்கொண்டு நின்றான். முகத்தில் வரவேற்பு இல்லை. தெல்மா அவனிடம் கையை நீட்டினார், குலுக்கினார், நேராகக் காரிடம் போனார். கறுப்பு பிரைமரில் நின்ற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். மட்கார்டை விரலால் தட்டினார்.

"இது என்னோடது இல்ல."

"இல்ல," என்றான் கிரேம். "அது புதுசு."

"இது?"

"புதுசு."

"கதவு?"

"கதவோட சட்டம் பழசு. சட்டமும் உங்களோடது இல்ல, அது வேற வண்டியில இருந்து எடுத்தது. மேல தோல் புதுசு."

"அப்ப எதுதான் என்னோடது, தம்பி?"

அறுபத்தெட்டு வயது கிரேமை 'தம்பி' என்று கூப்பிட்டதில் அவன் கொஞ்சம் குழைந்துவிட்டான். கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சாக்பீஸ் கோடுகளைக் காட்டினான். ஒவ்வொரு தகட்டையும் ஏன் எடுக்க வேண்டிவந்தது, துரு எவ்வளவு தூரம் போயிருந்தது, கதவு மூடுவதற்காக எத்தனை முறை பற்றவைத்ததை அறுத்துத் திரும்பப் பற்றவைத்தான் என்றெல்லாம் சொல்லத் தொடங்கினான். எதிரியிடம் பேசுகிறோம் என்பதே அவனுக்கு மறந்துபோனது. தெல்மா குறுக்கிட்டுக் கேள்வி கேட்டார், நல்ல கேள்விகள். கடைசியில் டார்ச்சை வாங்கிப் பின்தடுப்பில் அடித்தார். நீல எண்ணுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து, புது வண்டி வாங்கிய காகிதத்தை எடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"இதை யார் எழுதினாங்க?"

"ஃபாக்டரில வேலை பார்த்தவங்க யாரோ," என்றேன்.

"புண்ணியவான்," என்றார் தெல்மா.

நாற்காலி போட்டோம். தேநீர் வந்தது. நான் கேட்காமலே சொன்னார், கேட்கக் காத்துக்கொண்டிருந்தேன் என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளிய வந்தேன், வண்டி இல்ல. ரோட்டுல ஒரு கண்ணாடித் துண்டுகூட இல்ல. போலீஸ்காரர் அதத்தான் பிடிச்சுக்கிட்டாரு. பூட்டின வண்டி, கண்ணாடி உடையாம எப்படிம்மா போகும்னாரு. முந்தின மாசம்தான் இன்சூரன்ஸ் தொகைய ஏத்தியிருந்தேன். ஏன்னா பக்கத்துத் தெருவுல ரெண்டு வண்டி திருடு போச்சு. இன்சூரன்ஸ் ஆள் வந்தான், சிரிச்சான். எங்க ஊர்ல பழைய தங்கச் சுரங்கக் குழி ஆயிரம் இருக்குல்ல? எந்தக் குழியில தள்ளினே சொல்லுன்னான். ஒரு பைசா தரல."

"அடப்பாவி," என்றான் கிரேம்.

"அவன் போகட்டும். எங்க நெவில் இருக்கானே, என் வீட்டுக்காரன், அவனும் அதையே நம்பினான். அடிக்கல, திட்டல. ஜோக் அடிச்சான். கிறிஸ்துமஸ், கல்யாணம், எவன் வீட்டு விருந்தானாலும் சரி. 'தெல்மா கையில எதையும் குடுக்காதீங்கப்பா, குழியில போட்டுட்டு விளம்பரம் குடுப்பா.' எல்லாரும் சிரிப்பாங்க. முப்பத்தெட்டு வருஷம் கேட்டேன். சாகற வரைக்கும் சொன்னான். ஆஸ்பத்திரியில நர்ஸ்கிட்ட கூடச் சொன்னான்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்னோ கத்துவதும் நாங்கள் சிரிப்பதும் காதில் கேட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது, வேறு வார்த்தை இல்லை.

"வண்டிய எடுத்துக்கிட்டுப் போகவா வந்திருக்கீங்க?" என்று கிரேம் நேராகவே கேட்டான்.

"எனக்கு எதுக்கு? எனக்குப் படிக்கட்டே சரியாத் தெரியாது. எனக்கு ஒரு காகிதம் வேணும். திருடு போச்சு, கிடைச்சுதுன்னு போலீஸ் எழுதின காகிதம்."

"போலீஸுக்குச் சொன்னா வண்டி போயிடும்."

"தெரியும்."

"நீங்களே சொல்லலாமே."

"நான் சொன்னா அதே பொய்க்காரி மறுபடி வந்திருக்கான்னு எழுதுவாங்க. கண்டுபிடிச்சவங்க வாயால வரணும்," என்றார் தெல்மா. காகிதத்தை டப்பாவில் வைத்து மூடினார். "வற்புறுத்தல. ஆறு வருஷம் இதுல கிடந்திருக்கீங்க, பார்த்தாத் தெரியுது. அந்த எண்ணைக் கண்ணால பார்த்தேன். பார்க்கலைன்னாலும் ஒரு நாள் செத்துத்தான் போவேன், இனிமே கொஞ்சம் நிம்மதியாச் சாவேன். மூணு மணிக்கு ரயில் இருக்கா?"

வெள்ளிக்கிழமை கிரேம் ஷெட்டுக்குப் போகவில்லை. நான் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபத்தேழு வருஷ பஸ்ஸில் நான் கற்றது, சும்மா இருக்கிறவனைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தால் அவனே வாயைத் திறப்பான் என்பது. கிரேம் திறக்கவில்லை. டிவியைப் போட்டான்.

சனிக்கிழமை காலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஷெட்டிலிருந்து ட்ரில் சத்தம் கேட்டது. தகட்டைத்தான் அறுக்கிறான் என்று நினைத்தேன். ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஓடும்போதுதான் எனக்கே தெரிந்தது, அந்த எண் போய்விடக்கூடாது என்று என் மனசு எப்போதோ முடிவு செய்திருந்தது.

கிரேம் பின்தடுப்பின் பக்கமே இல்லை. வலது கதவின் கீலைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ற?"

"கீழ்ப்பக்கம் இடைவெளி ரெண்டு மில்லிமீட்டர் கூட இருக்கு. மேல சரியா இருக்கு, கீழ விரிஞ்சிருக்கு."

"அது இப்ப எதுக்கு?"

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "போலீஸுக்குப் போன் பண்ணிச் சொல்லிடு. ஆனா திங்கட்கிழமைக்கு மேல வரச் சொல்லு. போலீஸ் கொண்டு போற வண்டியில கதவு கோணலா இருந்தா, நாளைக்கு எவனாவது பார்த்துட்டு பாஸ்கோ வேலைன்னு சிரிப்பான்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ஒரு கை பிடிக்கவா?" என்றேன்.

"கீழ இருந்து தூக்கு. முட்டிய வச்சு, முதுக வச்சு இல்ல."

அந்த இரண்டு மில்லிக்கு இரண்டு நாள் ஆனது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு கதவும் ஒரு விரலுக்கு மூடின. சாக்பீஸ் கோடுகளை அழிக்காமல் விட்டான்.

செவ்வாய்க்கிழமை ஒரு இளம் போலீஸ்காரப் பெண் வந்தாள். பின்னால் வண்டி ஏற்றுகிற லாரியும் வந்தது. தெல்மாவைக் காலை ரயிலுக்கே போய் அழைத்து வந்திருந்தேன். அந்தப் பெண் எண்ணைப் படம் எடுத்தாள், ஈயக் கோட்டைப் படம் எடுத்தாள், பச்சை முதுகைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு விசிலடித்தாள். பிறகு சுத்தியல் கிடந்த பெஞ்சில் இடம் ஒதுக்கி உட்கார்ந்து எழுதினாள். தெல்மா கொடுத்த காகிதத்தோடு ஒவ்வொரு எண்ணையும் ஒத்துப் பார்த்தாள்.

"சோதனை எல்லாம் முடிய மாசக்கணக்கா ஆகும்," என்றாள் எங்களிடம். "அதுக்கப்புறம் வண்டி இந்த அம்மாவோடது. இவங்க யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம். ஆனா திரும்ப ரோட்டுல ஓட விடுவாங்களான்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

"இவங்களுக்குத்தான்," என்றார் தெல்மா உடனே, எங்கள் பக்கம் கையைக் காட்டி. "அதையும் எழுதிக்கோ."

கிரேம், லாரிக்காரன் கம்பியை மாட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அங்க மாட்டாதப்பா, அது புதுத் தகடு, நசுங்கிடும். கீழ சட்டத்துல மாட்டு," என்று போய் அவனே மாட்டிக்கொடுத்தான். வண்டி மெல்ல ஏறியது. ஆறு வருஷத்தில் முதல்முறையாக அது ஷெட்டை விட்டு வெளியே வந்தது. வெயிலில் பார்க்க அவ்வளவு நேராக இருந்தது.

போலீஸ்காரப் பெண் எழுதிய தாளைப் புத்தகத்திலிருந்து கிழித்துத் தெல்மாவிடம் நீட்டினாள். தெல்மா வாங்கவில்லை.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. நீயே படி."

"1979 மார்ச் 9 அன்று பெண்டிகோவில் தெல்மா ஜீன் குவிக்லியிடமிருந்து திருடப்பட்ட வாகனம், பாடி எண் 5186, இன்று காசில்மெய்னில் கண்டெடுக்கப்பட்டது," என்று அவள் வேகமாக முணுமுணுத்தாள்.

"இன்னொரு தடவை."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் மறுபடி படித்தாள், இந்தமுறை கொஞ்சம் நிதானமாக. 'திருடப்பட்ட' என்ற இடம் வந்தபோது தெல்மாவின் உதடும் கூடவே அசைந்தது. கிரேம் போய் அவர் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டான்.

"நெவில் கேட்டிருக்கணும்," என்றார். "கழுதை, முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டான்." கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ஒரே ஒரு தடவை. சத்தமா படிம்மா. இங்க யாரும் சிரிக்கல."

மூன்றாவது முறை அவள் எழுந்து நின்று படித்தாள். லாரிக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டான்.